மூன்றாவது தோசை

ஜூலை 1, 2025, செவ்வாய்

மழை இல்லை. தங்கா பத்துக் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். முழங்கால் பரவாயில்லை.

ஜானகி இன்றும் என்னோடு பேசவில்லை. ஞாயிறன்று திவாகர் ஷா ஆலாமிலிருந்து வந்திருந்தான். “அப்பா, இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் எங்ககூட வந்துடுங்க, ரூம் ரெடி” என்றான். நான் “சரிப்பா” என்று சொல்லிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. மகன் கேட்கும்போது வேறு என்ன சொல்வது? யார் கேட்டாலும் எனக்கு வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். இங்கே மலாக்காவில், பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் முப்பது வருடம் சோதனைக்கூடத்தில் இருந்தேன். உலோகத் தகடு சூட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து எழுதும் வேலை. தகடு என்னிடம் எதுவும் கேட்காது. அதனால்தான் அத்தனை வருடம் தாக்குப்பிடித்தேன் போலும்.

ஜூலை 3

ஜானகி வாய் திறந்தாள். “அவன் வீட்டுப் பதினாலாவது மாடியில போயி நான் என்ன, மேகத்த எண்ணவா? சரின்னு சொன்ன வாய்தானே, அதே வாயால முடியாதுன்னு சொல்லுங்க.”

திவாகருக்குப் போன் போட்டேன். முதலில் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு, “அம்மா கொஞ்சம் யோசிக்கிறா” என்றேன். கோழை. அம்மா மேல் போட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “அங்க சும்மாதானே ஒக்காந்திருக்கீங்க அப்பா? இங்கயே இருக்கணும்னா ஒரு காரணம் சொல்லுங்க, நான் விட்டுடறேன். தீபாவளி வரைக்கும் டைம் எடுத்துக்குங்க.”

ஒரு காரணம். எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஜூலை 7

பக்கத்து வீட்டு தாவூது தம் பாத்திரக் கடைக்கு அழைத்துப் போனார். மலாக்கா டவுனில் அவர் வாப்பா காலத்திலிருந்து இருக்கும் கடை. பின்கட்டில் இரும்புத் தோசைக்கல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவை.

“சின்னப் பொண்ணுங்க ஆசையா வாங்கிட்டுப் போகுதுங்க அண்ணே. ஒரே வாரத்துல ‘ஒட்டுது அங்கிள்’னு திருப்பிக் கொண்டாந்துடுதுங்க. கல்ல பழக்கணும்லா! யாருக்கு அதுக்கெல்லாம் நேரம்?”

ஒரு கல்லை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 16

புதுக் கல்லின் மேற்பூச்சைத் தேய்த்துக் கழுவி, கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, புகை அடங்கும் வரை அடுப்பில் விட்டு, பாதி வெங்காயத்தால் தேய்த்து, ஆறவிட்டு, மறுநாள் மீண்டும் அதையே. எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும். முதலில் அதிகம் தடவிப் பிசுபிசுப்பாகி, அத்தனையும் சுரண்டி மறுபடி ஆரம்பித்தேன். எல்லாம் கொல்லைப்புறக் குசினியில்தான். உள்ளே வைத்தால் ஜானகி என்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவாள்.

இன்று காலை முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது முரண்டு பிடித்தது. மூன்றாவது தானாக ஓரம் தூக்கிக்கொண்டு, காகிதம் போல் வந்தது.

ஜானகி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இத வித்தா என்ன?”

ஜூலை 22

விற்பது என்றால் பேச வேண்டுமே. கடை போட்டு யாரையும் கூப்பிட என்னால் ஆகாது. செயலியில் விற்றால் பேச வேண்டாம், எழுதினால் போதும் என்கிறாள் ஜானகி. மூன்று மாலை உட்கார்ந்து கடையைத் திறந்தேன். ‘பழக்கிய தோசைக்கல்.’ விளக்கம் இரண்டு பக்கம் வந்தது. யார் யார் இதை வாங்கக் கூடாது என்பதே ஒரு பத்தி.

“விக்கிறீங்களா, விரட்டுறீங்களா?” என்று அந்தப் பத்தியை ஜானகி அழித்துவிட்டாள்.

ஜூலை 30

ஒருவரும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஈப்போவிலிருந்து ஓர் ஆர்டர்! தவறுதலாகக் கை பட்டிருக்குமோ என்று சந்தேகம். “தெரிந்துதான் வாங்கினீர்களா?” என்று செய்தி அனுப்பிக் கேட்டேன். ஜானகி தலையில் அடித்துக்கொண்டாள். தெரிந்துதான் வாங்கினார்களாம்.

ஆகஸ்ட் 19

ஆர்டர்கள் ஒன்றிரண்டாக வருகின்றன. ஒவ்வொரு கல்லிலும் மூன்று தோசை சுட்டு, மூன்றாவதைப் படம் எடுத்து, வாங்குபவருக்கு அனுப்பிவிட்டுத்தான் பார்சல் கட்டுகிறேன். பிரச்சினை, அந்தத் தோசைகளைத் தின்பது. காலையும் இரவும் தோசை. தாவூது வேலிக்கு மேல் தட்டை நீட்டுகிறார். “நேத்து தோசையில உப்பு கொஞ்சம் தூக்கல் அண்ணே. கஸ்டமர் கம்ப்ளெய்ன்!”

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று திவாகரிடம் சொல்லலாமா? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். கவிழ்ந்துவிட்டால் அசிங்கம்.

செப்டம்பர் 5

கவிழ்ந்துவிட்டது.

ஜாசினில் ராகினி என்ற வாடிக்கையாளர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருக்கிறார்: ‘புதுசு என்று சொல்லி யாரோ பயன்படுத்திய பழைய கல்லை அனுப்பிவிட்டார்கள்.’ புகாரும் போட்டிருக்கிறார். விசாரணை முடியும் வரை கடையை நிறுத்தி வைத்திருப்பதாகச் செயலியிலிருந்து தகவல். புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்றால் உடனே திறப்பார்களாம்.

நான் — ஏமாற்றுக்காரனா? நானா?

செப்டம்பர் 6

இரவெல்லாம் யோசித்தேன். கல் கறுப்பு. எண்ணெய்ப் பளபளப்பு. நல்லெண்ணெய் வாசத்தோடு தோசை வாசமும். போதாக்குறைக்குப் பழைய தமிழ்ப் பத்திரிகையில் சுற்றி அனுப்பினேன். பார்ப்பவருக்கு வேறு என்ன தோன்றும்? நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஒவ்வொன்றும் எனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

விட்டுவிடலாம் என்று ஜானகியிடம் சொன்னேன். திவாகர் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, கிளினிக் கீழேயே இருக்கிறது என்றேன்.

“போயி அவங்க மொகத்தப் பாத்து சொல்லிட்டு வாங்க, இது புதுக் கல்லுன்னு. ஜாசின் என்ன, சந்திரனா?”

வரலாமா என்று ராகினிக்குச் செய்தி அனுப்பினேன். பதில்: ‘வாங்க அங்கிள். ஆனா என் அத்தைகிட்ட நீங்களே பேசிக்குங்க. நான் இதுல இல்ல.’

செப்டம்பர் 7, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

காலையிலேயே கிளம்பினோம். மடியில் மாவுத் தூக்கோடு ஜானகி. செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போது என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். “கிளச்ச மிதிங்க, கார் அழுவுது” என்றாள்.

ராகினி ஆஸ்பத்திரியில் தாதி, இரவு வேலை முடிந்து வந்து, தூக்கக் கண்ணோடு கதவைத் திறந்தது. கல் வரவேற்பறையில், அதே பத்திரிகை மேல், பிணம் போலக் கிடந்தது. சமையலறைக்குள் அதை விடவே இல்லையாம். நாற்காலியில் ராகினியின் மாமியார் இந்திராதேவி. என் வயதிருக்கும். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

நான் பயிற்சி செய்து வந்த பேச்சு முழுக்க மறந்துவிட்டது. “சுட்டுக் காட்டட்டுமாம்மா?” என்று மட்டும் கேட்டேன். “வெளி அடுப்புல” என்றார்.

பின்வாசல் அடுப்பில் கல்லை வைத்தேன். பயணத்தில் ஆறிப்போன கல், முதல் தோசையிலேயே பிய்ந்தால்? ஊற்றினேன். ஓரம் தூக்கியது. கரண்டி வைக்கும் முன்பே நழுவியது. ராகினி, “அய்யோ அத்தை, பாருங்களேன்!” என்றது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. “தோசை நல்லாத்தான் வருது” என்றார் இந்திராதேவி. “வராம என்ன, யாரோ வருசக்கணக்கா சுட்ட கல்லு. ஒரு வீட்டு அடுப்புல ஏறுன தோசைக்கல்ல இன்னொரு வீட்டுக்குக் குடுப்பாங்களா? அந்த வீட்டு மகாலச்சுமியோட சேத்து, அந்த வீட்டு சண்ட சச்சரவும்ல வரும்? என் மருமகளுக்கு எதுக்கு அது?”

ஜானகியைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது — “நீங்க முதல் முதல்ல தோசை சுட்ட கல்ல யாரும்மா பழக்கினாங்க?” என்று கேட்டேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. “என் மாமியாரு. எஸ்டேட் லயத்துல இருந்தப்ப. கஞ்சித்தண்ணில போட்டு, வெங்காயம் தேச்சு, ஒரு வாரம் என்னத் தொடவே விடல.”

“அப்ப நீங்களும் பழக்கின கல்லுலதாம்மா ஆரம்பிச்சீங்க. இந்தப் பொண்ணு ராத்திரி வேலைக்குப் போகுது. அதுக்கு அந்த ஒரு வாரம் இல்ல. அத நான் செஞ்சேன். கல்லு புதுசு. மூணு தோசை சுட்டேன், பொய் சொல்ல மாட்டேன். மூணையும் நாந்தான் தின்னேன். எங்க வீட்டுல சண்டையும் இல்ல. இவ நாலு நாளா பேசாம இருந்ததோட சரி.”

இவ்வளவு நீளமாக நான் பேசி ஜானகியே கேட்டதில்லை.

இந்திராதேவி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நீங்க யாரு? என் மருமகளுக்கு இன்னொரு மாமியாரா? இந்த மீசையோடயா?”

முதலில் சிரித்தது ஜானகி. பிறகு ராகினி. கடைசியில் அந்த அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கல்லுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, தாமே உள்ளே எடுத்துப் போய் அடுப்பில் ஏற்றினார். எங்கள் மாவில் அவர் சுட்ட தோசையை எல்லோரும் சாப்பிட்டோம். சட்னி அவர்களுடையது, நல்ல காரம்.

புறப்படும்போது ராகினி கைப்பேசியைக் காட்டியது. எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறது! “நெட்டுல போட்டுடவா அங்கிள்?” என்று கேட்டது. பழக்கதோஷத்தில் “சரிம்மா” என்றேன்.

செப்டம்பர் 8

புகார் திரும்பப் பெறப்பட்டது. கடை திறந்தாயிற்று. ஐந்து நட்சத்திரம். ‘அத்தை இப்ப என்னையே அந்தக் கல்லத் தொட விட மாட்டேங்கிறாங்க’ என்று எழுதியிருக்கிறது ராகினி.

செப்டம்பர் 12

வெளியே தலை காட்ட முடியவில்லை. அந்தப் படத்துக்கு ராகினி ‘மீசை மாமியார்’ என்று பெயர் வைத்திருக்கிறது. நாடு முழுக்கப் பார்க்கிறார்களாம். பாசாரில் மீன் விற்பவர் மீசையைத் தடவிக் காட்டிக் கும்பிடு போட்டார். மீசையை எடுத்துவிடலாமா என்று ஜானகியைக் கேட்டேன்.

“எடுத்தா நானே புகார் குடுப்பேன்.”

செப்டம்பர் 13

ஆர்டர்கள் ஒரே நாளில் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போய்விட்டன. யோசிக்காமல் நான் சொன்ன ‘சரி’களில் இது ஒன்றுதான் உருப்பட்டது.

செப்டம்பர் 28

தாவூதின் பின்கட்டு காலி. அடுத்த சரக்கு வரப்போகிறது. “எங்க வாப்பா காலத்துலகூட இப்படிப் போனதில்ல அண்ணே” என்கிறார், வாயில் தோசையோடு. நாள் குறைத்துப் பழக்கினால் நிறைய அனுப்பலாம் என்றும் சொன்னார்.

முடியாது என்றேன். சாதாரணமாக வந்துவிட்டது. எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

கடையின் பெயரை மாற்றினேன். மீசை மாமியார். பக்கத்தில் என் படம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளில் பல முறை பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20, தீபாவளி

திவாகர் குடும்பத்தோடு வந்தான். மருமகள் வந்ததும் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டாள்: வரிசையாகக் கற்கள், வாளியில் கஞ்சித் தண்ணீர், சுவரில் ஆர்டர் வரிசை. திவாகர் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். அலுவலகத்தில் யாரோ காட்ட, ‘இது என் அப்பா’ என்றானாம். நம்பவில்லையாம்.

சாப்பிடும்போது கேட்டான். “அப்பா, ரூம் விஷயம்... என்ன முடிவு பண்ணீங்க?”

ஜானகி பரிமாறும் கரண்டியை நிறுத்தினாள்.

“முடியாதுப்பா” என்றேன். “உங்க பதினாலாவது மாடியில நான் ஒரு கல்ல காய வச்சா தீயணைப்பு வண்டி வந்துடும். காரணம் கேட்டே இல்ல? பின்னால அடுக்கி வச்சிருக்கேன், போயி பாத்துக்க.”

அவன் சிரித்தான். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது என்று ஜானகி சொல்கிறாள். நான் கவனிக்கவில்லை, என் இலையில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 27

புது ஆர்டர்களைப் பதிந்தேன். கடைசியில் ஒன்று: ஷா ஆலாம், பதினான்காவது மாடி. பெயர், திவாகர் த/பெ திருச்செல்வம்.

கூடவே ஒரு செய்தி: ‘அப்பா, எனக்கு முதல்ல அனுப்பிடுங்களேன். சரியா?’

எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதுவதையே எழுதினேன். ‘வணக்கம். உங்கள் கல் பழகிக்கொண்டிருக்கிறது. வரிசைப்படிதான் வரும். மூன்றாவது தோசையின் படம் அனுப்பிய பிறகு பார்சல் கட்டப்படும்.’

மழை இல்லை. கல் காய நல்ல வெயில்.