பிடி வளைந்த துவக்கு

1984 மே 8, செவ்வாய்

துவக்கைத் துடைத்து எண்ணெய் போட்டேன். சனிக்கிழமை தாரா வேட்டை, காட்டுவாத்து வேட்டை, தொடங்கிய நாள். புக்கெகோஹியில் நண்பன் கதிர்காமநாதனின் மரக்கறித் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள சதுப்பில் எனக்கு இரண்டு விழுந்தன. அவனுக்கு ஒன்றும் இல்லை. புதுத் துவக்கு, இரண்டு நல்ல கண், ஒன்றும் இல்லை.

"அண்ணை, உங்கட கோணல் சாமானில ஏதோ மந்திரம் இருக்கு" என்றான்.

மந்திரமும் இல்லை மண்ணும் இல்லை. பதினைந்து வருடப் பழக்கம்.

மனைவி யோகராணி தாராவைத் தொடவில்லை. பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. பின்வாசலிலேயே வாங்கி, அடுத்த தெரு வசந்தமலர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வாசலைக் கழுவினாள்.

1984 யூன் 19, செவ்வாய்

பொலிஸ் நிலையத்துக்குப் போய்வந்தேன். இந்த மாதம் முதல் இந்த வெள்ளைக்கார நாட்டில் புதுச் சட்டம். முன்பு துவக்குக்குப் பதிவு, இனி ஆளுக்கு லைசென்ஸ். அதில் எனக்கு மறுப்பு இல்லை. பழைய பத்திரத்தைக் கொடுத்தேன். கவுண்டரில் நின்ற கொன்ஸ்டபிள் பத்திரத்தைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"வலது கண்ணுக்கு என்ன, மிஸ்டர் மூர்த்தி?"

என் பெயர் ஏரம்பமூர்த்தி. அதைப் பாதியாக வெட்டியது முதல் பிழை. கண் போய்ப் பதினாறு வருடம், லேத் வேலையில் இரும்புத் தூள் பறந்து போனது, அது போன பிறகுதான் இந்தத் துவக்கே வந்தது என்று சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, நீங்கள் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதினை எழுதினால் நல்லது, மூன்று செவ்வாய்க்கிழமை மாலைதான் என்றான். வருட முடிவுக்குள் லைசென்ஸ் இல்லையென்றால் துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம்.

போகமாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். படிவத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

1984 யூன் 20, புதன்

ஏன் போகவேண்டும்? பதினைந்து வருடத்தில் ஒரு தோட்டா பிழையாக வெடித்ததா? எவன் வந்து எனக்குத் துவக்குப் பிடிக்கப் படிப்பிக்கிறது?

1984 யூலை 6, வெள்ளி

மகள் ரதிதேவி ரெலிபோன் எடுத்தாள். சிற்றியில் ஒரு கம்பனிக் கந்தோரில் வேலை, எப்போதும் அவசரம். "அப்பா, just sell it. It's only a gun." தாயிடம் ரெலிபோனைக் கொடுத்தேன்.

ஆனாலும் துவக்குக் கடைக்குப் போனேன். விற்க அல்ல, என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க. கடைக்காரன் தோளில் வைத்துப் பார்த்தான். வைக்க முடியவில்லை. எப்படி முடியும்? பிடி இடது பக்கமாக வளைந்து போகிறது. பிடியின் பின்கட்டை வலது தோளில் இருக்கும், குழல் இடது கண்ணுக்கு நேரே வரும். என் தோள், என் கண். அந்த நாளில் எல்லோரும் சொன்னார்கள், இடது தோளுக்கு மாற்றிப் பழகு என்று. ஏன் பழகவேண்டும்? துவக்குத்தானே மரம், நானா மரம்?

"குழல் நல்லது. இந்தப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்ப்பிடி போட்டால் யாராவது வாங்குவார்கள்" என்றான்.

எறிகிறதாம்.

புக்கெகோஹியில் ஒரு விவசாயி இறந்த பிறகு அவருடைய கொட்டிலில் பிடி முறிந்து கிடந்த துவக்கு. தண்ணீர்ப் பம்பைத் திருத்திக் கொடுத்ததற்கு அவருடைய மனைவி தந்தார். நேர்ப்பிடி அன்றைக்கே வாங்கிப் போட்டிருக்கலாம். வால்நட் பலகையில் பதினொரு மாதம் நானே செதுக்கினேன். மூன்று பலகை பழுதாய்ப் போனது. நான்காவதுதான் இது. புத்தகம் பார்த்துச் செய்யவில்லை, ஒருவரிடமும் கேட்கவும் இல்லை.

துவக்கை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

1984 யூலை 29, ஞாயிறு

தம்பி தியாகலிங்கத்தின் கடிதம் கிளிநொச்சியிலிருந்து வந்தது. அவனுடைய துவக்கும் போய்விட்டது. வயலுக்கு வரும் பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தது. இயக்கப் பொடியள் நாலு பேர் சைக்கிளில் வந்து, "ஐயா, துவக்கைத் தாங்கோ" என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்களாம். 'பன்றி இப்போது பயமில்லாமல் வருகிறது' என்று எழுதியிருக்கிறான். வேறொன்றும் எழுதவில்லை. எழுத முடியாது என்று விளங்குகிறது.

அங்கே பொடியள் மரியாதையாகக் கேட்டார்கள். இங்கே பொலிஸ் மரியாதையாகக் கேட்கிறது.

யோகராணி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். போன வருடக் கலவரத்தில் கொழும்பில் அவளுடைய சித்தப்பாவின் வீட்டை எரித்த பிறகு, ஊர்க் கடிதம் எது வந்தாலும் இரண்டு தரம்தான் வாசிப்பாள்.

1984 ஓகஸ்ட் 14, செவ்வாய்

தொடர்ந்து மூன்றாவது செவ்வாய். யோகராணி ஆறரைக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டாள். எங்கே என்றால், "வசந்தமலரோட ஒரு அலுவல்." என்ன அலுவல் என்றால், "வந்து சொல்லுறன்." வந்து சொல்லவில்லை.

1984 ஓகஸ்ட் 22, புதன்

நான் கடைக்குப் போய் வருவதற்குள் ஒரு ஆள் வந்து பின்னறை அலுமாரியில் இரும்புப் பட்டையும் பூட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எதற்கு என்றால், "இருக்கட்டும்" என்கிறாள். சாவி அவளுடைய கைப்பையில்.

விளங்கிவிட்டது. துவக்கை உள்ளே வைத்துப் பூட்டி, பொலிஸைக் கூப்பிட்டுக் கொடுக்கப் போகிறாள். ரதிதேவியும் சேர்த்தி. தாயும் மகளும் ரெலிபோனில் மெல்லமாகக் கதைக்கிறார்கள்.

முப்பத்திநாலு வருசம் ஒண்டா இருந்து, கடைசியில இவளும் இப்பிடியோ.

1984 ஓகஸ்ட் 26, ஞாயிறு

துவக்கைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்து கதிர்காமநாதனிடம் கொண்டுபோனேன். உன் கொட்டிலில் வை, கொஞ்ச மாதம்தான் என்றேன்.

வெங்காயச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியை வைத்துவிட்டு எழும்பினான். "அண்ணை, நீங்கள் என்ர பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாலும் வைச்சிருப்பன். இது வேண்டாம். பிடிபட்டா ரெண்டு பேரும் மாட்டுவம், என்ர துவக்கும் போகும்." பிறகு சொன்னான், "ஒரு மூண்டு நாள் வகுப்பு. அதுக்கேன் இந்தப் பாடு?"

அவனுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதெல்லாம் நானாகப் படித்தது. வரைபடம் வாசிப்பேன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளப்பேன். ஆனால் ஒரு இங்கிலீஷ்த் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுது என்றால் எழுத்தெல்லாம் ஓடும். ரயில்வேயில் போர்மன் பதவிச் சோதினைக்கு இரண்டு தரம் இருந்தேன். இரண்டு தரமும் பெயில். பதினாறு வயதுப் பொடியளோடு வாங்குப் பலகையில் இருந்து மூன்றாம் தரமும் பெயிலாக வேண்டுமா?

துவக்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன். யோகராணி அடுப்படியிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "கம்பளியை உதறி மடிச்சு வையுங்கோ, வெங்காயச் சருகு."

1984 ஓகஸ்ட் 27, திங்கள்

கம்பளியை இன்றைக்குத்தான் உதறி மடித்து வைத்தேன்.

1984 செப்ரெம்பர் 20, வியாழன்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

பத்து மணிக்கு அந்தக் கொன்ஸ்டபிள் வந்தான். நான்தான் கதவைத் திறந்தேன். "துவக்கு தர ஏலாது, வருட முடிவுவரை தவணை இருக்கு" என்றேன்.

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "நான் துவக்குக்கு வரவில்லை. மிஸிஸ் ஏரம்பமூர்த்தியின் விண்ணப்பத்துக்காக வந்திருக்கிறேன்." பெயரை முழுதாகச் சொன்னான். "துவக்கு லைசென்ஸ் கேட்பவர் கலியாணம் முடித்தவர் என்றால், மற்றவரைத் தனியாக விசாரிக்க வேண்டும். அது முறை. உள்ளே வரலாமா?"

யோகராணி அடுப்படி வாசலில் நின்றாள். கை துடைக்கும் துவாயை மடித்துக்கொண்டே, "சோதினை பாஸ். முப்பதுக்கு முப்பது" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமைகள். பூட்டு. வசந்தமலர் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

கொன்ஸ்டபிள் எனக்கு முன்னால் இருந்து பேனையைத் திறந்தான். உங்கள் மனைவி குடிப்பாரா? இல்லை. எப்போதாவது யாரையாவது வெருட்டியிருக்கிறாரா? இல்லை. கோபம் வருமா?

முப்பத்திநாலு வருடத்தில் அவளைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் யோசித்தேன்.

"கோபம் வரும். வந்தால் சத்தம் போடமாட்டா. வாசலைக் கழுவுவா."

அவன் அதையும் எழுதினான்.

"துவக்கு அவருடைய பொறுப்பில் இருக்கும். சாவி அவரிடம் இருக்கும். நீங்கள் எடுப்பதென்றால் அவர் பக்கத்தில் நிற்கவேண்டும். லைசென்ஸ் இல்லாதவருக்கு அதுதான் விதி. அவரிடம் துவக்கு இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா?"

உள்ளே கேத்தில் கொதித்து நின்றது. கோப்பைச் சத்தம் இல்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு சொல்லுத்தான். சம்மதம் இல்லை என்று நான் சொன்னால் அவளுக்கு லைசென்ஸ் இல்லை. வாய்வரை வந்தது, ஏன் பொய் சொல்ல? என்ர துவக்கு. என்ர கையால செதுக்கினது. இனி அவளிட்டைக் கேட்டு வாங்குறதோ? என்னைக் கேக்காமல், எனக்கு ஒளிச்சு...

"சம்மதம்" என்றேன்.

அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனான்.

1984 செப்ரெம்பர் 23, ஞாயிறு

இன்றைக்குத்தான் கேட்டேன். "ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் போகமாட்டியள்."

"அது என்ர விருப்பம்."

"துவக்கு உங்கட விருப்பம் மட்டுமில்லை." சுளகைக் கீழே வைத்தாள். "கண் போன வருசம் ஆறு மாதம் நீங்கள் ஒருத்தரோடையும் கதைக்கேல்ல. பிள்ளையோடையும் கதைக்கேல்ல. அந்தப் பலகையை வெட்டத் தொடங்கினாப் பிறகுதான் வாய் திறந்தனீங்கள். என்ன சொல்லித் திறந்தனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"'யோகம், இஞ்ச வந்து முன்னால நில்லும்' எண்டு."

பிறகு ஞாபகம் வந்தது. கண்மணி குழலுக்கு நடுவில் வருகிறதா என்பதைத் துவக்கைப் பிடிப்பவனால் பார்க்க முடியாது. குழல் வாய்ப் பக்கம் இன்னொருவர் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். வெறுந் துவக்கு என்றாலும் அதற்கு முன்னால் யார் நிற்பார்கள்? ஒவ்வொரு பின்னேரமும் அவள்தான் நின்றாள். "இன்னும் இடது. கொஞ்சம் கீழ. இல்லை, கூடிப்போச்சு." நான் அரத்தை எடுத்துப் போய் இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன். மூன்று பலகை பழுதாய்ப் போனதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்கு வயிற்றில் ஒரு பிள்ளை இருந்து தங்காமல் போனதும் அந்த மாதங்களில்தான்.

யூலை 6ஆம் தேதி நான் எழுதியதைத் திருப்பி வாசித்தேன். 'நானே செதுக்கினேன்', 'ஒருவரிடமும் கேட்கவும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை. எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

1984 நவெம்பர் 9, வெள்ளி

லைசென்ஸ் தபாலில் வந்தது. யோகராணி ஏரம்பமூர்த்தி. சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் கைப்பையில் போட்டாள். ரதிதேவி ரெலிபோனில் சிரித்துச் சிரித்து, "Amma, you're licensed?" என்று நாலு தரம் கேட்டாள்.

துவக்கை அலுமாரியில் நான்தான் வைத்தேன். பூட்டியது அவள்.

1984 டிசம்பர் 2, ஞாயிறு

எண்ணெய் போடும் மாதம். சாவி கேட்கவேண்டும். கேட்கவில்லை.

1984 டிசம்பர் 9, ஞாயிறு

கேட்டேன்.

1985 மே 4, சனி

வேட்டை தொடங்கிய நாள். யோகராணி பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. இருந்தாள். நாணல் மறைப்புக்குள் மடிகதிரை, குடை, போத்தலில் தேத்தண்ணி, இரண்டு சட்டை, கம்பளித் தொப்பி. கதிர்காமநாதன், "அக்கா, கோயில் திருவிழாவுக்கோ வந்தனீங்கள்?" என்றான்.

"லைசென்ஸ் உள்ள ஆக்கள் ரெண்டு பேர்தான் இதில நிக்கிறம் தம்பி. மற்றவர் என்ர பொறுப்பு" என்றாள்.

அவன் சிரித்த சிரிப்பில் சதுப்பிலிருந்த தாரா எல்லாம் எழும்பிப் போனது. அதற்கும் என்னைத்தான் பார்த்தான்.

எனக்கு ஒன்று விழுந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வரும் வழியில் காரில், "தாராவுக்கு இல்லை. வெறும் தகரப் பேணி ஒண்டை வைச்சு ஒருக்கா சுட்டுப் பாக்கட்டோ?" என்று கேட்டாள். முப்பதுக்கு முப்பது எடுத்தவள் இதுவரை ஒரு தோட்டாவும் சுடவில்லை.

1985 மே 5, ஞாயிறு

பின்முற்றத்தில் கொடுத்துப் பார்த்தேன். பிடி அவளுக்கு நீளம். கை எட்டவில்லை, கட்டை தோளை விட்டு வெளியே போகிறது.

"கதிர்காமநாதன்ர துவக்கைக் கேளும்" என்றேன்.

"வேண்டாம். அது நேர்த் துவக்கு. நான் முன்னால நிண்டு பார்த்தது இதைத்தான்."

1985 மே 12, ஞாயிறு

காலையில் அவள் அலுமாரியைத் திறந்தாள். துவக்கை நடுவில் மடக்கித் திறந்து, இரண்டு குழலும் வெறுமை என்று எனக்குக் காட்டினாள். பிறகு விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். மூடித் தோளில் வைத்தவள், நான் முன்னால் போய் நின்றதும் இறக்கிவிட்டாள்.

"ஆளை நோக்கிப் பிடிக்கக்கூடாது எண்டு வகுப்பில சொன்னவை."

"அப்ப திருப்பிப் பாரும்."

திரும்பவும் திறந்து, திரும்பவும் விரல் விட்டு, திரும்பவும் மூடினாள். தோளில் வைத்தாள். நான் குழல் வாய்க்கு முன்னால் குனிந்து நின்றேன். இந்தப் பக்கம் நான் இதுவரை நின்றதில்லை. இரண்டு கறுப்பு வட்டம். அதற்கு மேலே, கொஞ்சம் வலது தள்ளி, அவளுடைய இடது கண். அதைச் சுற்றி இத்தனை சுருக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

"நிண்டது போதுமோ?" என்றாள். "கை நோகுது."

"ஆடாமல் இரும். இன்னும் கொஞ்சம் கீழ."

அளந்து பென்சிலால் கோடு போட்டேன். கட்டையின் நுனியில் முக்கால் அங்குலம், கன்னம் படும் இடத்தில் ஒரு தேய்ப்பு. வாளை எடுத்ததும், "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கோட்டில் வைத்து அறுத்தேன். வால்நட் மணம் இன்னும் போகவில்லை அதில்.

எனக்கு இனிப் பிடி கொஞ்சம் நீளம் குறைவாகத்தான் இருக்கும். பழகவேண்டும்.