பிள்ளைக்காம்பராவில் சொல்லப்பட்ட இரத்தப் பரிசோதனை முடிவு

அனுப்புநர்:
திருமதி கம்சலா மதுரன்,
மே/பா ஜீவராணி (அக்கா),
ஹாலிஎல.

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
ஊவா மாகாணம், பதுளை.

விடயம்: என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பலர் முன்னிலையில் அறிவித்தமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் செங்குன்றுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஏழு மாதக் கர்ப்பிணி. கணவர் மதுரன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார்.

2. செப்டெம்பரில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் எங்கள் தோட்டப் பிள்ளைக்காம்பராவில் நடக்கும் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரத்தம் கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில், தமிழ் தெரியாத தாதி, எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே குடியிருக்கும் உதவியாளரை அழைத்து முடிவைச் சொல்லச் சொன்னார். காத்திருந்த தாய்மார் எல்லோருக்கும் கேட்கும்படி அவர், “ஒனக்கு ரத்தத்துல சிபிலிஸ் இருக்காம். புருசனயும் கூட்டிக்கிட்டு வரணுமாம்” என்றார். அது என்ன நோயென்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் தள்ளி உட்கார்ந்தார். உடலுறவால் தொற்றும் நோய் என்று பிறகே அறிந்தேன்.

3. நான் வீடு சேரும் முன்பே செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. மாமியார் என் கோப்பையையும் பாயையும் வேறாக வைத்தார். ஊருக்கு வந்த கணவரைப் பரிசோதனைக்கு அழைத்தேன். “நான் எதுக்கு வரணும்? புள்ள யாருதுன்னு மொதல்ல சொல்லு” என்றார். அன்று போனவர் இன்றுவரை போனை எடுப்பதில்லை. ஐயா, அவரைத் தவிர வேறொருவரை நான் அறியேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமலும் முடியவில்லை.

4. பின்னர் தனியாகப் பஸ் ஏறிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே தமிழ் பேசும் டொக்டர் கதவைச் சாத்திவிட்டு மறுபடி இரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும், “ஒங்களுக்கு அந்த நோய் இல்லம்மா. புள்ளத்தாச்சியா இருக்கப்ப சில பேருக்கு மொத டெஸ்ட் இப்பிடித் தப்பாக் காட்டும்” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டில் சொன்னபோது, ஊசி போட்டு மறைத்துவிட்டேன் என்கிறார் மாமியார்.

5. பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமியும் கர்ப்பிணி. என் கதியைப் பார்த்து இரத்தம் கொடுக்க மறுக்கிறார். அவருக்கு உண்மையிலேயே நோய் இருந்தால் பிள்ளை என்னாகும்? என் பேச்சை யார் கேட்பார்?

ஆகையால், இத்தகைய முடிவுகளைத் தனியறையில், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் மூலம் சொல்ல ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். என் கணவருக்கும் மாமியாருக்கும் உண்மையை விளக்க ஒருவரை அனுப்புங்கள். என் விபரத்தை அவர்களிடம் சொல்ல எனக்குச் சம்மதம். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் பல கைமாறுவதால், பதிலை அக்கா விலாசத்துக்கே அனுப்புங்கள்.

பிள்ளை ஜனவரியில் பிறக்கும். அதற்கு முன் யாராவது வர வேண்டும் ஐயா.

இடம்: ஹாலிஎல
திகதி: 11.11.2024

தங்கள் உதவியை எதிர்பார்த்திருக்கும்,
ம. கம்சலா