செண்பகாதேவிப் பாறையில் நான் சிரித்த சிரிப்பு

இன்று காலை பக்கத்து வீட்டில் ஆட்டுக்குடலைக் கழுவி, அந்தத் தண்ணீரை என் வாசல் சாக்கடையில் ஊற்றினார்கள். நாற்றம் உள்ளே வந்ததும் குடித்த காப்பி அப்படியே வெளியே வந்துவிட்டது. பித்தம் என்கிறாள் என் மனைவி. பித்தமில்லை என்பது உமக்குத் தெரியும். சிநேகிதரே, நீர் செத்துப் போய் இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

யுத்தத்துக்கு முந்திய சாரல் காலம் அது. நீர் தென்காசி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் பண்ணையாரிடம் குமாஸ்தா. பண்ணையார் தம் விருந்தாளிகளோடு செண்பகாதேவி அருவிக்குப் போகிறார், சமையலும் அங்கேதான், வாரும் என்று நான்தான் உம்மை அழைத்தேன். அவர்கள் விடியும்போதே ஏறிவிட்டார்கள். நாம் இருவரும் பின்னால் போனோம்.

குற்றாலத்துப் பேரருவிக்கு மேலே, ஆற்றோரமாக ஒரு மணி நேர ஏற்றம். ஈரப் பாறையில் கால் வழுக்கும்போதெல்லாம் மரவேரைப் பிடித்துக்கொண்டோம். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, முந்தின வருஷம் இலஞ்சியில் வாந்திபேதி கண்டு உம் தங்கை மகள் இறந்ததைச் சொன்னீர். அதுவரை அதை நீர் முழுதாகச் சொன்னதில்லை. "இந்தத் தண்ணிதான் வே அங்கன போகுது" என்றீர்.

மேலே போனதும் பார்த்தோம். பாறையில் இரண்டு ஆடுகளை உரித்துப் போட்டிருந்தார்கள். குடலும் சாணமும் ஆற்றுக்குள் கிடந்தன. கல்லில் சிக்கிய குடல் ஒன்று நீரோட்டத்தில் நெளிந்துகொண்டிருந்தது. எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் வெற்றிலை எச்சிலையும் அதிலேயே துப்பினார்கள். எனக்குக் குமட்டியது. துண்டால் மூக்கை மூடிக்கொண்டேன். நீர் பண்ணையாரிடம் போய், கழிவைக் கரையில் புதைக்கச் சொல்லலாமே என்று பணிவாகத்தான் கேட்டீர்.

"ஓடுத தண்ணிதானவே. எல்லாத்தையும் அதுவே கொண்டு போயிரும்."

"கீழ குடிக்கவங்க வீட்டுக்குத்தான் கொண்டு போகும், அண்ணாச்சி."

பண்ணையார் என் பக்கம் திரும்பினார். "ஏலே, இவன் நீ கூட்டிட்டு வந்த ஆளா?"

"இல்ல எசமான். வழியில சேந்துக்கிட்டாரு."

நீர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினீர். குடலை இரண்டு கையாலும் வாரிக் கரையில் போட்டு, ஒரு கம்பால் குழி தோண்டிப் புதைத்தீர். ஆற்றைக் கூட்டிப் பெருக்கச் சர்க்கார் ஆள் அனுப்பியிருக்கிறது என்றார் ஒரு விருந்தாளி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பண்ணையார் காதில் விழும்படி. நீர் கை கழுவிவிட்டுத் தனியாகக் கீழே இறங்கிப் போனீர். நான் இருந்து, அந்தக் கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, என் மனைவியின் இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர். மருந்தும் கொடுத்தனுப்பினீர். நீர் திட்டாததால், உமக்கு அது பெரிதாகப் படவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அப்படி நினைத்த இந்தப் புத்தியை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் குமட்டுகிறது.

நீர் காய்ச்சலில் இறந்த பத்தாம் நாள் உம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உம் மனைவி சொன்னார்கள்: "உங்களப் பத்தி அவுக ஒரு குறை சொன்னதில்ல. அன்னைக்கு மலைக்குப் போயிட்டு வந்தும், நீங்க நல்லாக் கவனிச்சீகன்னுதான் சொன்னாக."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் இரண்டு வருஷமாகச் சுமக்கிறேன். நாளை இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உம் வீட்டுக்குப் போகிறேன். உம் மனைவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.