பொருளாதார வகுப்பில் ஒரே ஓர் இடம்

நான் உனக்காகப் பொருளாதாரப் பாடத்தை விட்டுக் கொடுத்தேன் என்று போன வாரம் சிலமலையில், உன் கருமாதி வீட்டில், எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு. அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும்போது உன் மகள் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து, "அம்மா பத்திரமா வச்சிருந்துச்சு பெரியம்மா, உங்களுக்குன்னு" என்றாள். கல்லூரியில் கார்பன் தாள் வைத்து நீ எடுத்த பொருளாதாரக் குறிப்புகள். பிரித்ததும் அந்த மை வாசனை. என் விரலில் இன்னும் நீலம்.

புகுமுக வகுப்பில் சேர போடியிலிருந்து மதுரைக்கு ஒரே பஸ்ஸில் போனோம். இருவரும் கேட்டது பொருளாதாரம். ஒரே ஓர் இடம்தான் மீதி, மதிப்பெண் பார்த்துச் சொல்கிறேன் என்றார் கல்லூரி சிஸ்டர். கான்வென்ட்டில் ஒன்றாகப் படித்த ஆறு வருஷமும், ரேங்க் வாசிக்கும்போது உன் பெயருக்குப் பிறகுதான் என் பெயரை வாசித்தார்கள். இன்னொரு முறை அதைக் கேட்க எனக்கு மனமில்லை. "அவள் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு வரலாறு போதும்" என்று முந்திக்கொண்டேன். உனக்கே வரவேண்டியதை நான் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

சனிக்கிழமைதோறும் விடுதியில் என் கட்டிலில் அந்த வாரக் குறிப்பின் நகலை வைப்பாய். "நீ கேட்ட பாடந்தானடி, சும்மா படி." நான் பிரிக்காமலே உன் கட்டிலில் திருப்பி வைப்பேன். வரலாற்றில் நான் முதலாவதாக வந்ததை உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். உன் பாடத்தில் நீ முதல் என்பதை நீ சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள்.

பிறகு நீ பொருளாதார ஆசிரியை ஆனாய். நான் போடிமெட்டு ஏலத்தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். விடுமுறைக்கு நீ வரும்போதெல்லாம், காயை இப்போதே விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று என் கணவர் உன்னைத்தான் கேட்பார். என் மேசையில், என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே.

"வீட்டுக்குள்ளயே ஆளு இருக்கு, அங்கிட்டுக் கேளுங்கண்ணே" என்பாய்.

அவர் சிரிப்பார். நான் குழம்பைச் சூடுபண்ணப் போய்விடுவேன்.

இப்போது அவரும் இல்லை. எப்போது விற்பது என்று நான்தான் முடிவு செய்கிறேன். ஒவ்வொரு முறையும், நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்த பிறகுதான். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் யோசிக்கிறேன்.

இந்த வாரம் கட்டு முழுவதையும் படித்தேன், கையில் சிவப்புப் பேனாவோடு. ஒரு பிழையாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை.

விட்டுக் கொடுத்த கதையை ஊருக்குச் சொன்னதே நீதானாம். என் காரணம் தெரியாமல் சொன்னாயா, தெரிந்தே சொன்னாயா? தெரிந்தே என்றால், விட்டுக் கொடுப்பதிலும் நீதான் முதல்.

எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒரு வரி போதும்.