படிவம் 4-இல் குலதெய்வத்தின் பெயர்

அனுப்புநர்:
அ. சகாயராஜ், எம்.எஸ்.டபிள்யூ.,
ஆலோசகர்,
தொழிலாளர் ஆலோசனை மையம்,
மண்ணரை, திருப்பூர்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் மனநல ஆலோசனைத் திட்டம்,
திருப்பூர்.

பொருள்: தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கும் படிவம் 4-ஐ நிறுத்தவும், ஆய்வில் பலன் தெரிந்த முறையைக் கொண்டுவரவும் கோருவது.

பார்வை: 24.08.2009, 05.10.2009 தேதியிட்ட என் மனுக்கள். (இரண்டுக்கும் பதில் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நதியா என்ற பெண்ணின் வாயை எங்கள் மையம் அடைத்தது. அடைத்தது நான். அடைக்கச் சொன்னது தங்கள் அலுவலகத்தின் படிவம் 4.

2. நதியாவுக்கு வயது இருபத்து மூன்று. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தாய் ஒச்சம்மாளோடு வந்து மண்ணரையில் ஒற்றை அறையில் குடியிருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சென்ற ஏப்ரலில் உயிரை விட முயன்று, ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். மே 3, ஞாயிறன்று தாயார் அவரை எங்களிடம் அழைத்து வந்தார். நாற்பது நிமிடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். முப்பது நிமிடம் அழுதார். மீதிப் பத்து நிமிடத்தில் நான் படிவத்தை நிரப்பினேன்.

3. "இனி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கொள்ள மாட்டேன் என்று என் குலதெய்வம் ............ மீது சத்தியம் செய்கிறேன்" என்பது படிவத்தின் வாசகம். செய்ய மாட்டேன் என்றுகூட இல்லை. எண்ண மாட்டேன் என்று இருக்கிறது. எண்ணம் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது, ஐயா? புள்ளியிட்ட இடத்தில் 'ஒச்சாண்டம்மன்' என்று நதியா தன் கையாலேயே எழுதினார். கை நடுங்கியது. மனம் திருந்துவதன் அறிகுறி என்று நான் குறிப்பு எழுதினேன். சத்தியம் வாங்கியதும் கோப்பில் 'முடிந்தது' என்று முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. குத்தினேன். செக்கிங் முடிந்த பனியனுக்கு அவர் ஸ்டிக்கர் ஒட்டுவார். அவருக்கு நான் ஒட்டினேன்.

4. அந்த எண்ணம் திரும்ப வந்தது. நதியா அதன்பின் இரண்டு ஞாயிறு எங்கள் மையத்துக்கு எதிரிலுள்ள பேக்கரி வரை வந்து, உள்ளே வராமல் திரும்பியிருக்கிறார். தாயார் கையைப் பிடித்து இழுத்தபோது சொன்னாராம்: "சாமி மேல சத்தியம் பண்ணிட்டு, திரும்ப அதே நெனப்பா இருக்குன்னு அந்தண்ணன்ட்ட எந்த மொகத்த வச்சும்மா சொல்றது? சாமிகுத்தம்மா. ஒனக்கு எதுவும் ஆயிட்டா?"

ஜூன் 27 அன்று நதியா இறந்தார். அவர் கோப்பில் இன்றும் 'முடிந்தது' என்றுதான் இருக்கிறது.

துக்கம் கேட்கப் போன என்னிடம் ஒச்சம்மாள் சத்தம் போடவில்லை. "சத்தியம் வாங்கத் தெரிஞ்ச தம்பிக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகத் தெரியலையேப்பா" என்றார். அவ்வளவுதான்.

5. அதன் பிறகே எனக்குத் தேடத் தோன்றியது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். இரண்டு நாள் பயிற்சி முகாமில் எங்களுக்குக் கொடுத்த ஜெராக்ஸ் புத்தகத்தில், படிவம் 4 எங்கிருந்து வந்தது, யாரிடம் சோதித்துப் பார்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்து வரிச் சுருக்கம் தெரியும். உள்ளே போக கிரெடிட் கார்டு கேட்கும். கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். "கல்லூரி அட்டை இருக்குங்களா? இல்லீங்களா? அப்ப வெளிய நோட்டீஸ் போர்டு வேணா படிச்சுட்டுப் போங்க" என்றார்கள். நோயாளி எங்கள் வாசலில் நிற்கிறார். வழி சொல்லும் தாள் அவர்கள் பூட்டுக்குள் இருக்கிறது.

6. யாரும் இலவசமாகப் படிக்கும்படி இருந்த ஓர் ஆய்வு கடைசியில் கிடைத்தது. ஐந்து நாடுகளில், சென்னை உட்பட ஐந்து ஊர்களில் நடந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை வீட்டுக்குப் போய் அல்லது போனில் விசாரித்திருக்கிறார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலைச் சாவு தெளிவாகக் குறைந்திருக்கிறது. சத்தியம் வாங்குவது உயிரைக் காக்கிறது என்று காட்டும் ஆய்வு ஒன்றுகூட என் கைக்குச் சிக்கவில்லை. அந்த ஆய்வை நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி எங்கள் ஒருங்கிணைப்பாளர் திரு. ஞானசம்பந்தம் அவர்களிடம் கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்லர். மையத்துக்குத் தன் கட்டடத்தையே விட்டுக்கொடுத்தவர். "ஏனுங்க தம்பி, வெள்ளைக்காரனுக்கு ஏதுங்க குலதெய்வம்? சாமி மேல சத்தியம் பண்ணுன சனம் மீறுமுங்களா? நம்ம ஊருக்கு இதவிட என்ன ஆராய்ச்சி வேணுமுங்க?" என்றார். சென்னை எப்போது வெள்ளைக்காரர் ஊரானது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பில்டர் காபி சொன்னார்.

7. ஒன்பது முறை போய்ப் பார்த்திருந்தால் நதியா இன்று உயிரோடு இருந்திருப்பார் என்று நான் எழுதவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் எங்கள் பதிவேட்டில் 'முடிந்தது' என்று 212 பேர் இருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் நாற்பது முகவரிகளுக்கு நடந்தேன். பதினேழு பேர் அறையைக் காலி செய்து போயிருந்தார்கள். இருபத்தொரு பேரைப் பார்த்தேன். அவர்களில் ஆறு பேர் கதவைப் பாதி திறந்து, "சத்தியத்த மீறலீங்க" என்றார்கள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. மற்ற இருவரின் வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஒருவர் எப்படி இறந்தார் என்று வீட்டார் சொல்லவில்லை. தங்கள் ஆண்டறிக்கையில் இந்த நாற்பது பேரும் வெற்றிக் கணக்கில் இருக்கிறார்கள்.

8. எனவே படிவம் 4-ஐ உடனே நிறுத்தவும், 'முடிந்தது' என்ற முத்திரையைத் திரும்பப் பெறவும், ஒவ்வொருவரையும் பதினெட்டு மாதம் தொடர்ந்து சென்று பார்க்க ஆணையிடவும், ஆலோசகர்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் படிக்கத் தங்கள் அலுவலகக் கடிதம் ஒன்று தரவும் கேட்டுக்கொள்கிறேன். நான் இதை எழுதியதற்காக என்னை வேலையைவிட்டு அனுப்புவதானால், அந்தப் பதிவேட்டை எனக்குப் பின் வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு அனுப்பவும்.

9. வரும் திங்கட்கிழமை, 16-ஆம் தேதி, காலை பத்து மணிக்குப் பழனியம்மாள் என்பவர் வருகிறார். தறி ஓட்டிய குடும்பம். இப்போது பீஸ் ரேட்டுக்குத் துணி மடிக்கிறார். சென்ற வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர். அவருக்கான படிவம் என் மேசையில் இருக்கிறது. புள்ளியிட்ட இடத்தில் 'முருகன்' என்று அலுவலகத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நேற்று போனில் அவர் கேட்டது இது ஒன்றுதான்: "நான் என்ன சொன்னாலும் திட்ட மாட்டீங்கல்லங்க, கண்ணு?"

திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படிவத்தை நான் அவரிடம் நீட்ட வேண்டுமா, கிழிக்க வேண்டுமா? திங்கள் காலை பத்து மணிக்குள் எழுத்தில் பதில் தரவும்.

இடம்: மண்ணரை
நாள்: 12.11.2009

இப்படிக்கு,
(ஒப்பம்)
அ. சகாயராஜ்

இணைப்பு: ஆய்வின் தமிழ்ச் சுருக்கம், 4 பக்கம் (மூன்றாம் முறையாக).