தப்பென்றால் நிற்கிற மிஷின்

மதினி,

இன்று காலை செக்கப்புக்காக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு அம்மாவின் புற்றுக்கட்டிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த கதிர் மிஷின் கீங் கீங்கென்று கத்திவிட்டு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் முகமெல்லாம் செத்துப்போனது. எனக்கு மட்டும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எங்கே நுழைந்தாலும் முதலில் கதவின் இரும்பைத் தொடுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாண மண்டபமானாலும் சரி, ரேஷன் கடையானாலும் சரி. நீங்கள் வாசலைக் கும்பிடுவதாகவே நினைத்திருந்தேன். மதினிக்கு எம்புட்டு பக்தி என்று அண்ணனிடம் மெச்சியும் இருக்கிறேன். அப்போது என் மார்புக் கட்டிக்குக் கரண்ட் வைக்க இங்கே வந்த முதல் நாளும் அப்படித்தான் தொட்டுவிட்டு நுழைந்தீர்கள்.

நாலு நாள் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. மாரியாத்தா பேரைச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கும்போதே மிஷின் நின்றுவிட்டது. வெளியே வந்ததும் பையைக் கட்டிவிட்டேன்.

"ஆத்தா வேண்டாம்னு சொல்லிட்டா மதினி. வாங்க, ஊருக்குப் போயிருவோம்."

மிஷின் பார்க்கிற பிள்ளை ஓடி வந்து விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத துகள்களை வேகமாக ஓடவிட்டுத்தான் கதிர் எடுக்கிறார்களாம். அந்த ஓட்டம் துளி பிசகினாலும், குளிர்விக்கிற தண்ணீர் லேசாகச் சூடானாலும் மிஷின் தானே கண்டுபிடித்து நின்றுவிடுமாம். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நீங்கள்தான், யாரும் சொல்லாமலேயா நிற்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். பிறகு சேலையை ஒதுக்கி, வெந்து சுருங்கிய கையை என் மடியில் வைத்தீர்கள்.

"ஏத்தா, பட்டாசுக் கம்பெனில தீப்பிடிச்ச அன்னைக்கு மருந்து சூடேறுறத நாந்தான் மொதல்ல பாத்தேன். தீவாளி சீசன், லோடு நிக்குது. நிப்பாட்டச் சொன்னா ஏசுவாகன்னு வாயத் தொறக்கல. கூட இருந்த ரெண்டு பேரு வெளிய வரவே இல்ல. தப்புன்னா நிக்கிற மிஷினுக்கா பயப்படுறே? நிக்காம ஓடுறதுக்குல்ல பயப்படணும். போயிப் படு."

கதவைத் தொடுகிற சங்கதியையும் அன்றுதான் சொன்னீர்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் பொறியாகிவிடாமல் இறங்குவதற்காக, பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். கம்பெனியை விட்டு நின்ற பிறகும் கை மறக்கவில்லை. நான் சாமி என்று நினைத்ததைக் கேட்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்தீர்கள்.

மத்தியானம் மிஷின் சரியானது. போய்ப் படுத்தேன். மிச்ச நாளெல்லாம் திருத்தங்கலில் பஸ் ஏறி, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு கூடவே வந்தீர்கள். ஆத்தா அன்று என்னை வேண்டாமென்று சொல்லவில்லை, உங்களைத்தான் அனுப்பியிருக்கிறாள். அதை உங்களிடம் சொல்வதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டு உங்களைக் கூட்டிப்போய்விட்டது.

அந்தப் பிள்ளை இன்னும் இங்கேதான் இருக்கிறாள். இப்போது மிஷின் ஓடுகிற விதத்தை ஒரு கம்ப்யூட்டர் தினமும் கவனித்து, எந்தப் பாகம் கெடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறதாம். எங்கள் மதினி இதைக் கேட்டிருந்தால் உனக்கு முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்திருப்பார் என்றேன்.

மிஷின் நின்று வெளியே வந்த அம்மா காரியாபட்டிக்காரி. பையைக் கட்டத் தொடங்கினாள். நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் அவளிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கதவு வரைக்கும் கூடப் போய், அந்த இரும்பைத் தொட்டுட்டுப் போங்க என்றேன்.

"சாமியா, அக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.