மணல்மேல் வைத்த கல்

சின்னசேலம்
27-9-87

அன்புத் தம்பி ராஜாங்கத்துக்கு அண்ணன் சுப்புராயன் எழுதுவது. உன் பூமாலை பிழைத்துவிட்டாள். அதை மனதில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து மற்றதைப் படி. மறியலில் நின்றுபோன தபாலை நேற்றுதான் மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது, நீ பெங்களூர் பங்களாத் தோட்டங்களில் செய்கிற மாதிரி நம் பூச்செடிகளுக்கு நடுவே வெள்ளிமலைக் கல்லில் பாதை போட்டாய். சிமெண்ட் வேண்டாம், மணல்மேல் வைத்தால் போதும், இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும், புல் முளைக்கும் என்றாய். சிமெண்ட் இல்லாத கல்லை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று கேலி செய்தேன். என் வாயை என்ன சொல்ல.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அன்று, வெட்டிப் போட்ட மரம் போதாது என்றார்கள். நானே கடப்பாரையால் இருபத்திரண்டு கல்லையும் பெயர்த்தேன். ஆட்களோடு மாட்டுவண்டியில் ஏற்றிப்போய் நைனார்பாளையம் ரோட்டில் குறுக்கே அடுக்கினேன். நம் வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளைக்காவது உத்தியோகம் கிடைக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஜீப் வந்தது. டிரைவர் பிரசவ கேஸ் என்று கும்பிட்டான். "எல்லாரும் இதையே சொல்லிக்கினு வராங்க, எறங்கி நடங்க" என்று கத்தியது நான்தான். உன் மாமியார் காசியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, தாய்வீட்டில் இருந்த நம் பூமாலை. ஐப்பசியில்தானே நாள்? அவள் கல்லைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, நம்ம வூட்டுக் கல்லுங்களா?" என்றாள்.

ஒவ்வொன்றும் இரண்டு ஆள் சுமை. தள்ளி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கப்பால் நாங்களே சாய்த்த புளியமரம். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு மைல் போவதற்குள் பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை, தம்பி. உன் மூக்கு. அழவேயில்லை. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

கல்லையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். எனக்குப் பதிக்கத் தெரியவில்லை, எப்படி வைத்தாலும் ஆடுகிறது. இருபத்தொன்று வாசலில் கிடக்கிறது. ஒன்றை நம் கொல்லையில் பிள்ளையின்மேல் வைத்தேன்.

பூமாலை கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள். வலியில் கிடந்தவளுக்குக் கத்தியது யாரென்று தெரியவில்லை. கல்லை யாரோ எடுத்துப் போனார்கள், மாமாதான் ஒத்தை ஆளாகத் தள்ளி வழிவிட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே நிற்கிறேன்.

நீ கிடைத்த பஸ்ஸில் ஏறி வா. கத்தியது நான்தான் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லக்கூட எனக்கு இனி யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உன் அண்ணன்
சுப்புராயன்